மாவு பொங்காத மார்கழி

என் மகளுக்குப் பத்தாம் மாதத்தில் பிடித்த சளி மார்கழிப் பனியால் வந்ததா, நான் செய்த இயந்திரத்தால் வந்ததா?

மூன்று வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று டாக்டர்களிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். முதலாமவர் சிரித்தார். இரண்டாமவர் பனி என்றார். மூன்றாமவர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கும் கன்னியாஸ்திரி, எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். அவர் குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே, "என்ன மெஷின்? அதுல வெந்நீர் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். அவர் கேட்டது எதில் போய் நின்றது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் என் கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். கடை முன்னால், வீடு பின்னால். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு, கடைக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத மட்டும்தான் உதவிக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்த பிறகு அதுவும் குறைந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. குழந்தைத் துணிகள் காயவில்லை. கொடியில் தொங்கியவை எல்லாம் ஈர வாடை அடித்தன. கடையில் பழுது பார்த்து முடித்து ஓட விட்டிருந்த ஒரு ஃப்ரிட்ஜின் முதுகில், அந்தக் கறுப்புக் கம்பி வலையில், ஒரு துணியைப் போட்டேன். அரை மணியில் காய்ந்துவிட்டது. மறுநாள் ஆறு துணி போட்டேன். என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "கஸ்டமர் பார்த்தா என்ன நெனைப்பாங்க? ஃப்ரிட்ஜுக்குக் கோவணம் கட்டி வுட்டுட்டயே," என்றார்.

"சூடு சும்மாதானுங்க போவுது," என்றேன்.

அதைச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. பம்ப்செட் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கிணற்றில் இருப்பதை மேலே ஏற்றுகிறது என்பது போலத்தான். அப்படியானால் காற்றில் சும்மா கிடக்கும் சூட்டை ஏற்றித் தண்ணீருக்குள் தள்ள முடியாதா? கம்பி ஹீட்டர் தின்பதில் பாதிக் கரண்டுகூட வேண்டியிருக்காதே? பாடப் புத்தகத்தில் ஹீட் பம்ப் என்று ஒன்றரைப் பக்கம் படித்திருந்தேன். பரீட்சைக்கு வராது என்று வாத்தியார் தாண்டிப் போன பக்கம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு லாட்ஜ் இருந்தது. கீழே டிபன் ஹோட்டல், மேலே பத்து அறை. தக்காளி மண்டிக்கு வரும் வியாபாரிகளும் லாரி டிரைவர்களும்தான் தங்குவார்கள். விடியற்காலையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெந்நீர் வேண்டும். பின்கட்டில் ஒரு விறகு பாய்லர். மழையில் விறகு நனைந்து, புகை மாடிக்கு ஏறி, வெந்நீருக்குப் பதில் இருமல்தான் வரும். அறைக்கு அறை கீசர் மாட்டலாம் என்றால் அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்திருந்த கரண்டு லோடு தாங்காது. ஹோட்டல் ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போன என் கணவரிடம் முதலாளி இதைச் சொல்லிப் புலம்ப, அவர் வீட்டில் வந்து என்னிடம் சொன்னார். சும்மாதான் சொன்னார். நான் சும்மா கேட்கவில்லை.

கழற்றிப் போட்ட ஒரு ஜன்னல் ஏசியின் கம்ப்ரஸரையும், காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும் சுருளையும் விசிறியையும் எடுத்துக்கொண்டோம். பெரிய பீப்பாய் ஒன்றைச் சுற்றிச் செம்புக் குழாயை நெருக்கமாகச் சுற்றி, ஈயம் வைத்து ஒட்டி, அதை இன்னும் பெரிய பீப்பாய்க்குள் இறக்கி, நடுவில் உமியை அடைத்தோம். பற்றவைப்பது என் கணவர் வேலை. கணக்கு என் வேலை. குழாயில் சோப்பு நுரை தடவி எங்கே முட்டை விடுகிறது என்று பார்ப்பதும் என் வேலை. இடுப்பில் குழந்தை, கையில் பிரஷ். முதல் தடவை குழாய்க்குள் அடைத்த ஃப்ரிட்ஜ் கேஸ் முழுக்கக் கசிந்து போனது. இரண்டாம் தடவையும் போனது. மூன்றாம் தடவை நின்றது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து பார்த்தார். "ஏங்கண்ணு, தண்ணி காய வெக்க இம்புட்டு ரோதனையா? அடுப்புல வெச்சா காயாதா?"

"காயுங்கண்ணி. ஆனா அடுப்புக்கு வெறகு வேணும்."

"அதுக்கு? நீயா வெட்டப் போற?"

நான் சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் அவர் சொல்வது சரியோ என்றுதான் இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். வாயில் ஒரு பதில் இருக்கும், வயிற்றில் அதற்கு எதிர்ப்பதில் இருக்கும்.

ஹோட்டலில் இயந்திரத்தை எங்கே வைப்பது என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். இதை யார் தலையிலும் போட முடியாது. சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அடுப்புச் சுவர்தான் அதற்கும் சுவர், அதனால் எப்போதும் கதகதப்பாக இருக்கும். கதகதப்பான காற்று இருந்தால் என் இயந்திரம் சூட்டைச் சுலபமாக இழுக்கும், கரண்டு குறையும். புகை வராது. பூட்டும் உண்டு, செம்புக் குழாய் திருட்டுப் போகாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துத்தான் முடிவு செய்தேன்.

அந்த அறையில் ஏற்கெனவே ஐந்து பெரிய அலுமினிய அண்டாக்கள் இருந்தன. ஆட்டிய இட்லி மாவு அதில்தான் இருக்கும். அதை மாவு அறை என்றே சொல்வார்கள். நான் அண்டாக்களைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். அவ்வளவுதான்.

வீட்டில் ஒன்றுவிட்டு ஒரு நாள் மாவாட்டுகிறவள் நான். மார்கழியில் மாவுச் சட்டியை அடுப்பு மேடையில் வைத்து, மேலே சாக்குப் போர்த்துகிறவளும் நான்தான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. அறையைப் பார்த்தபோது சூடான காற்றைப் பார்த்தேன். அந்தச் சூடு யாருக்காக அங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்குள் பீப்பாய் நிறைய வெந்நீர். கை வைக்க முடியாத சூடு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தக்காளி வியாபாரி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே இறங்கி வந்து, "பிஸிநீரு சென்னாகிதெ!" என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, "வெந்நீரு நல்லாருக்குதாம்மா!" என்றார், எனக்குக் கன்னடம் தெரியாதது போல. எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டாம் தடவை கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தினமும் காலை ஆறு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவேன். மணிக்கு ஒரு தடவை தண்ணீரின் சூட்டை அளந்து எழுத வேண்டும். ஹோட்டலில் புகை இல்லாத ஒரே இடம் மாவு அறை. அதன் விட்டத்தில் புடவையால் தொட்டில் கட்டினேன். இயந்திரம் ஓடும் சத்தத்தில் குழந்தை அசையாமல் தூங்கியது. எனக்கு அது ஒரு வரமாகத் தெரிந்தது.

நான்காம் நாள் இட்லி கெட்டது.

மாவு ஏறவே இல்லை. வைத்த அளவிலேயே கிடந்தது. முதலில் உளுந்தைக் குறை சொன்னார்கள். உளுந்தை மாற்றினார்கள். அடுத்த நாளும் அப்படியே. உப்பை மாற்றினார்கள். கிரைண்டரில் கல் தேய்ந்துவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் ஒரு லாரி டிரைவர் இட்லியைத் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்:

"மாஸ்டர், ரெண்டு பார்சல் கட்டுங்க. தொப்பூர் எறக்கத்துல டயருக்கு முட்டுக் குடுக்க ஆவும்."

ஹோட்டலே சிரித்தது. மாஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடும் தலைமைச் சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கரண்டியை வைத்துவிட்டு நேராக மாவு அறைக்கு வந்தார். கதவைத் திறந்து, உள்ளே கால் வைத்து, நின்றார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, இங்க வந்து நில்லுங்க. செத்த நேரம் நில்லுங்க. என்ன தெரியுது?"

"குளுருது."

"மார்கழி வெளிய. உள்ள என்னாத்துக்குக் குளுருது? தண்ணியச் சூடு பண்றேன்னு சொல்லிட்டு, எம் மாவைக் கொன்னு வெச்சிருக்குதுங்க இந்த மெஷினு."

என்னைப் பார்த்தார். "ஏம்மா, வூட்டுல மாவாட்டறதில்லையா நீ? பொம்பளையாப் பொறந்து, மாவு பொங்கறதுக்குக் கதகதப்பு வேணும்னு தெரியாதா?"

அப்போது தொட்டிலில் குழந்தை இருமினாள்.

அந்த இருமல் இரண்டு நாளாக இருந்தது. பனி என்று நினைத்துத் துளசிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பேசிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர்ப் பீப்பாயிலிருந்த தெர்மாமீட்டரை உருவி, துடைத்து, தொட்டிலுக்கு அருகில் பிடித்தேன். பாதரசம் இறங்கிக்கொண்டே போனது. நின்ற இடத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெருவில் பனியில் நின்றிருந்தால்கூட அவ்வளவு குளிர்ந்திருக்காது. குளிர்ந்த காற்று வெளியே வரும் விசிறிக்கு நேராகத் தொட்டில் தொங்கியது. நான் நிற்பது கம்ப்ரஸரை ஒட்டி, அங்கே எப்போதும் சூடு. ஆறு நாளாக மணிக்கு மணி தண்ணீரை அளந்திருக்கிறேன். அறையை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

முதலாளி கெட்டவர் அல்ல. "வெள்ளிக்கிழமை சந்தைம்மா. அன்னிக்கு இந்த இட்லியப் போட்டேன்னா அடுத்த வாரம் எவனும் வர மாட்டான். வியாழக்கெழமை பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருங்க. வெறகே போதும் எனக்கு," என்றார். அன்று புதன்.

வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கு மூச்சில் விசில் கேட்டது. அண்ணி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாதாவே, கொதிக்குதே," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் தன் தம்பியைப் பார்த்துப் பேசினார். "ஊருல எவன் குளிச்சா இவளுக்கு என்னடா? புள்ளையக் கொண்டு போயி ஐஸ் பொட்டிக்குள்ள தொட்டில் கட்டியிருக்குறா. நல்லாப் படிக்க வெச்சாங்க."

என் கணவர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். மருந்து கொடுத்தார்கள். மாலைக்குள் மூச்சு கொஞ்சம் சீரானது. என் கணவர் மருந்துப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு மெதுவாக, "வுட்டுரலாம். நாளைக்குப் போயி நானே கழட்டிட்டு வந்தர்றேன். நீ வர வேண்டாம்," என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்பாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இயந்திரம் தப்பு, நான் வேலை செய்தது தப்பு, ஆகவே குழந்தைக்குச் சளி. இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. குழந்தையைத் தப்பான இடத்தில் படுக்க வைத்தது நான்தான். அதற்கு இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இயந்திரம் தப்பில்லை. அது சொன்னதைச் செய்தது. ஒரு பக்கம் சூடு ஏறினால் இன்னொரு பக்கம் குளிர்ந்தே ஆக வேண்டும். அதன் பாதி வேலையை மட்டும் பார்த்துவிட்டு, மறு பாதியை என் மகள் மேலும் அடுத்தவர் மாவின் மேலும் ஊத விட்டது என் புத்தி. புத்தியைத் திருத்தலாம். அதற்கு இயந்திரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

"கழட்ட வேண்டாங்க. தகரம் வெட்டுற கத்திரி எடுத்துக்கிட்டு வாங்க," என்றேன்.

"புள்ளைக்கு இப்பிடி இருக்குது. உனக்கு மனசு வருதா?"

"வரலீங்க. வராமத்தான் போறேன்."

வியாழக்கிழமை காலை காய்ச்சல் இறங்கியிருந்தது, இருமல் இருந்தது. குழந்தையை அண்ணியின் மடியில் விட்டேன். மருந்து வேளைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தாய்ப்பால் கொடுக்கப் பத்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை வருவேன் என்றேன். அண்ணி தாளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஆனால் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது குழந்தை அழுதாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருக்க வேண்டுமோ என்று சந்தையைத் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஹோட்டலில் மாஸ்டர் கேட்டார். "கழட்டவா வந்தீங்க?"

"இல்லீங்க. மாவு அறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குது?"

"காய்கறி ரூமு. தக்காளி, மோர்ப் பானை, வாழ எல."

"தக்காளி எத்தனை நாள் தாங்குது?"

"ரெண்டு நாளு. ஏன், அதையும் கெடுக்கப் போறியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "மாவு பொங்கணும்னு எனக்குத் தெரியுங்க. தெரிஞ்சும் யோசிக்கல. அது என் தப்பு. உங்க இட்லிக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மெஷினுக்காக மன்னிப்புக் கேக்க மாட்டேன். பொழுது சாயறதுக்கு இன்னும் நேரமிருக்குது. அதுவரைக்கும் அந்த ரூம் எனக்கு வேணும்."

மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வாசலைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் உள்ளே போனேன்.

இரண்டு அறைக்கும் நடுச் சுவரில் மேலே ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. அதை உடைத்துப் பெரிதாக்கினோம். என் கணவர் தகரத்தை வெட்டிச் சதுரக் குழாயாக மடித்தார். ஆணி அடிக்கும்போது மட்டும், "இந்தப் பக்கம் புடி," என்றார்.  விசிறியின் வாயிலிருந்து துவாரம் வரைக்கும் குழாய் போனது. இனிக் குளிர் காற்று காய்கறி அறைக்குத்தான் போகும். இயந்திரம் இழுக்கும் காற்று சமையலறைக் கதவு வழியாக, அடுப்புச் சூட்டோடு, மாவு அறையைக் கடந்து வரும். அண்டாக்களை அந்த வழியிலேயே, கம்ப்ரஸர் பக்கமாக வரிசையாக வைக்கச் சொன்னேன். இரண்டு தடவை வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை குழந்தை என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடினாள். அண்ணி, "மூக்கு ஒழுகுறது கொறஞ்சிருக்குது," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று மணி ஆனது. இந்தத் தடவை தெர்மாமீட்டரை அறை நடுவில் கட்டித் தொங்கவிட்டேன். மெல்ல ஏறியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஒரு ராத்திரி. காலைல மாவு பொங்கலைன்னா நானே ஆள வெச்சுத் தூக்கிருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். குழந்தையைக் கொண்டுபோகவில்லை. மாவு அறை வாசலில் மாஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.  தரையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"இப்ப பொங்கி வழியுது!" என்று கத்தினார். "அஞ்சு அண்டாவும்! என்னம்மா இது, மார்கழியா சித்திரையா? உனக்கு நடுவுல நிக்கவே தெரியாதா?"

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் அடங்கவில்லை. என் கணவர் வழிந்த மாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று சந்தைக்கு வந்தவர்களுக்கு இட்லி போதவில்லை. பத்து மணிக்கு மேல் மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் இரண்டு அண்டாக்களைக் கம்ப்ரஸரை விட்டுத் தள்ளி வைத்தார். மூன்றை அங்கேயே விட்டார். அதற்குப் பிறகு அவை இடம் மாறவில்லை. அவர் என்னைப் பாராட்டியதும் இல்லை. தக்காளி இரண்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் நின்றபோது, மண்டியில் இந்த வாரம் நல்ல காய் வந்திருக்கிறது என்றார்.

அந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறது. விறகு பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கேஸ் ஒரு தடவை நிரப்பினோம், விசிறி ஒரு தடவை மாற்றினோம்.

மகளுக்கு இப்போது நான்கு வயது ஆகப் போகிறது. ஓடுகிறாள், சண்டை போடுகிறாள். ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் அவள் மூச்சில் அந்த விசில் வருகிறது.  அண்ணி விக்ஸ் டப்பாவைத் தேடுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் மாவு அறையில் தெர்மாமீட்டரோடு நிற்கிறேன். அதே தெருவில் இயந்திரத்தைக் கண்ணால் பாராத எத்தனையோ பிள்ளைகளுக்கும் அந்த விசில் உண்டு. அதனால் எனக்கு நிம்மதியும் வரவில்லை, தீர்ப்பும் வரவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டர் கேட்டது இதுதான்: பிரசவ வார்டுக்கு ஒன்று வேண்டும். பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டவும், பிறந்த குழந்தைகளைக் கழுவவும் இப்போது பின்னால் விறகு மூட்டுகிறார்கள். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை குளிர் காற்று எந்தச் சுவர் வழியாக எங்கே போகும் என்பதை முதலில் வரைந்துவிட்டுத்தான், வெந்நீர் எங்கே வரும் என்று வரைந்தேன்.

ஆனால் எனக்கு இது ஏழாம் மாதம். மார்கழியில் அந்த வேலை நடக்கும்போது கைக்குழந்தை இருக்கும். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம், நடுவில் ஓடி வந்து பால் கொடுக்க முடியாது. அண்ணி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கூடவே கொண்டுபோனால் பசிக்குப் பால் உண்டு, ஆனால் கேஸும் தகரமும் பற்றவைக்கும் புகையும் உண்டு. விட்டுவிட்டுப் போனால் கதகதப்பு உண்டு, தாய் இல்லை.

வேலை செய்யும் இடத்தில் தொட்டில் கட்டியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். கரும்பு வெட்டும் வயலில், ரோடு போடும் இடத்தில், பள்ளிக்கூட வகுப்புக்குப் பின்னால், எங்கேயாவது. இந்த வேலைக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை, போகப் போகிறேன். தொட்டிலை எங்கே கட்டினீர்கள், எதை அளந்து பார்த்தீர்கள், எதை அளக்காமல் விட்டு வருத்தப்பட்டீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மார்கழிக்கு முன் எழுதுங்கள்.